பாதுகாவல் உடைமையன்று, அமானிதம்

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு, பென்னலூரை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து இரு சகோதரர்கள் பாகப்பிரிவினைக் கணக்குக் கேட்டு என்னிடம் வந்தனர். பெற்றோர் இருவரும் மறைந்துவிட்டனர். ஆண்மக்கள் மூவர், பெண்மகள் ஒருவர். கணக்கு எளிது. சொத்தை ஏழு கூறாக்கி, ஆண்மக்களுக்கு இவ்விரண்டும் பெண்மகளுக்கு ஒன்றும் என எழுதிக் கொடுத்தேன். நடுச் சகோதரர் அறிவு வளர்ச்சி குன்றியவர் என்பதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்கள். "அவனுக்கு எதற்கு நிலம், ஹஜ்ரத்? சோறு போடப்போவது நாங்கள்தானே?" என்றார் மூத்தவர். நான் மறுமொழி கூறவில்லை. பங்கைக் கணக்கிட்டதோடு என் கடமை முடிந்தது என எண்ணினேன்.

இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார் உற்பத்தி தொடங்கிய பின்னர், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை வயல்கள் தொழிற்சாலைகளாகவும் கிடங்குகளாகவும் மனைப்பிரிவுகளாகவும் மாறின. நிலத்தின் விலை ஏறியபோது அந்நிலமும் கைமாறியது. சில ஆண்டுகள் கழித்து அந்த நடுச் சகோதரரை நெடுஞ்சாலையோரத் தேநீர்க் கடையொன்றில் கண்டேன். குவளைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். கூலி கிடையாது, இரு வேளை உணவும், கடையின் பின்புறம் படுக்க இடமும் மட்டுமே. அவருடைய கைநாட்டு விடுதலைப் பத்திரம் ஒன்றில் முன்பே பெறப்பட்டிருந்தது. என் ஸலாத்துக்கு முழுமையாகப் பதில் சொன்னவர், சாலைக்கு அப்பால் எழும்பியிருந்த சுற்றுச்சுவரைக் காட்டி, "அது எங்க அத்தா நிலம், எனக்கும் பங்கு இருக்கு" என்றார்.

தமக்குப் பங்குண்டு என்பதை அவர் அறிந்தேயிருந்தார். அவரிடம் கேட்பார்தாம் இல்லை. கேட்டிருக்க வேண்டியவர்களுள் நானும் ஒருவன். இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த நினைவே.

ஃபிக்ஹு கூறுவது

அறிவுநலம் குன்றியோரை நம் சட்ட அறிஞர்கள் ஒரே கூட்டமாகப் பார்க்கவில்லை. அறிவு முற்றிலும் மறைந்தவர் மஜ்னூன். அறிவு இருந்தும் விளக்கம் குறைந்தவர் மஃதூஹ். அறிவிருந்தும் பொருளை வீணாக்குபவர் சஃபீஹ். ஒவ்வொருவருக்கும் சட்டம் வேறு. ஆயினும் மூவருக்கும் பொதுவான அடிப்படை ஒன்றுண்டு. வாரிசுரிமையைத் தடுக்கும் காரணங்களுள் அறிவுக் குறைபாடு இடம்பெறவேயில்லை. பித்துற்றவரும் முழுப் பங்குக்கு உரியவரே.

'ஹஜ்ர்' எனப்படும் தடை, அவரது பொருளைப் பிறர் எடுத்துக்கொள்வதற்கான அனுமதியன்று. பிறர் எடுத்துவிடாமல் காப்பதற்கான வேலி. அந்நிஸா அத்தியாயத்தின் 5ஆம் வசனம், பொருளை நிர்வகிக்க இயலாதோரிடம் அதனை ஒப்படைக்க வேண்டாம் என்பதோடு நிற்கவில்லை. அப்பொருளிலிருந்தே அவர்களுக்கு உணவும் உடையும் அளிக்கவும், அவர்களிடம் நன்மொழி பேசவும் பணிக்கிறது. அல்பகரா அத்தியாயத்தின் கடன் வசனமோ, வாசகம் சொல்ல இயலாதவருக்காக அவருடைய பாதுகாவலர் நீதியுடன் சொல்ல வேண்டும் என்கிறது. பாதுகாவலர் பேசும் குரல் அவருடையதன்று, காக்கப்படுபவருடையது.

இதனின்றும் நுட்பமான விதிகள் பிறந்தன. ஹனஃபி மத்ஹபின்படி மஃதூஹின் நிலை, விவரமறியும் சிறுவரின் நிலையை ஒத்தது. உஸ்மானியப் பேரரசில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட மஜல்லா சட்டத்தொகுப்பும் இதனையே ஏற்றது. அவருக்கு முழு நன்மை தரும் செயல் செல்லும். நன்மை, தீமை இரண்டுக்கும் இடமுள்ள விற்பனை போன்றவை பாதுகாவலரின் ஒப்புதலைச் சார்ந்தவை. முழு இழப்பான நன்கொடை, உரிமை விட்டுக்கொடுத்தல் போன்றவை பாதுகாவலர் ஒப்பினாலும் செல்லா. ஷாஃபிஈ மத்ஹபில், காக்கப்படுபவரின் நிலத்தைத் தேவையோ வெளிப்படையான ஆதாயமோ இருந்தாலன்றிப் பாதுகாவலர் விற்கலாகாது.

நம்மவர் பலரும் மறந்துவிடும் செய்தி மற்றொன்று. பொருளின் மீதான பாதுகாவல் தந்தைக்கும் பாட்டனாருக்கும், அவர்கள் நியமித்த வஸீக்கும், அவர்கள் இல்லாதபோது காழீக்கும் உரியது. சகோதரர் என்ற உறவு மட்டுமே அந்த அதிகாரத்தைத் தருவதில்லை. அந்த விடுதலைப் பத்திரம், நான் பல்லாண்டு பாடம் நடத்திய நூல்களின்படியே செல்லாத ஒன்று.

ஏர்வாடி கற்பித்த பாடம்

பொருளில் நேரும் அநீதியை விடக் கொடியது உடலின் மீது நிகழ்வது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் அதிகாலையில், தனியார் மனநோயாளர் இல்லம் ஒன்றின் ஓலைக் கொட்டகையில் தீப்பற்றியது. அங்கிருந்தோர் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் ஓடித் தப்ப இயலவில்லை. 28 பேர் மாண்டனர்.

தர்காவில் தங்கி நிவாரணம் தேடுவது பற்றி உலமாக்களிடையே உள்ள கருத்து வேறுபாடு ஈண்டு நம் பொருளன்று. பல சமயத்தவரும் தம் உறவினரை அங்கே கொண்டுவந்தனர். அருகில் மருத்துவம் இல்லாமை, செலவு, ஊராரின் ஏளனம், வீட்டில் பார்த்துக்கொள்ளும் ஆற்றல் தீர்ந்துபோன களைப்பு ஆகிய பல காரணங்கள் அவர்களை உந்தின. அந்தக் களைப்பைத்தான் தனியார் இல்லங்கள் வருவாயாக்கின. பணம் பெற்றுக்கொண்டு ஆளைக் கட்டிவைப்பது 'பராமரிப்பு' எனப்பட்டது.

அம்மாதமே அங்கிருந்த இல்லங்கள் மூடப்பட்டன. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் எடுத்துக்கொள்ளப்பட்டனர். உச்சநீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஓர் அரசு மனநல மருத்துவமனையேனும் இருத்தல் வேண்டும் என்றும், மனநல இல்லங்களை மாவட்டந்தோறும் கணக்கெடுக்க வேண்டும் என்றும் 2002 பிப்ரவரியில் ஆணையிட்டது. 2007இல் அந்த இல்லத்தின் உரிமையாளர் உள்ளிட்ட நால்வருக்கு ஏழாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பின்னாளில் தர்கா வளாகத்திலேயே மருந்தும் பிரார்த்தனையும் இணைந்த 'தவா-துஆ' திட்டத்தை அரசு ஏற்படுத்தியது.

ஆயினும் சங்கிலி ஒழிந்துவிடவில்லை. உத்தரப் பிரதேசத்தின் பதாயூனில் மனநோயாளர் பிணிக்கப்பட்டிருந்த செய்தி 2019இல் உச்சநீதிமன்றத்தின் முன் வந்தபோது, அது மனித மாண்புக்கு எதிரானது என நீதிமன்றம் மீண்டும் சொல்ல நேர்ந்தது. விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் ஆசிரமத்தின் நிலை 2023 பிப்ரவரியில் வெளிவந்ததோ, அங்கே சேர்க்கப்பட்டுக் காணாமற்போன முதியவர் ஒருவருக்காக உயர்நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட ஆள்கொணர்வு மனுவின் வாயிலாகத்தான். நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கிருந்து மீட்கப்பட்டனர். ஒருவரைத் தேடி ஒரு மனிதர் வந்ததால் ஏனையோருக்கும் கதவு திறந்தது.

சட்டம் கடந்து வந்த வழி

1912ஆம் ஆண்டின் பைத்தியர் சட்டம், மனநோயாளரிடமிருந்து சமூகத்தைக் காப்பதையே பெரிதும் கருதியது. 1987இன் மனநலச் சட்டம் உரிமம், ஆய்வு ஆகியவற்றைக் கொணர்ந்தது. ஐக்கிய நாடுகள் அவை 2006இல் நிறைவேற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றபின், 'அவருக்காக முடிவெடுத்தல்' என்னும் நிலையிலிருந்து 'அவர் முடிவெடுக்கத் துணை நிற்றல்' என்னும் நிலைக்குச் சட்டம் நகர்ந்தது.

இன்று மூன்று சட்டங்களை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

முதலாவது, 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கு நிலைகளுக்கு இது உரியது. மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவே பாதுகாவலரை நியமிக்கிறது. நியமனம் பெற்றவர் ஆறு மாதத்திற்குள் சொத்துப் பட்டியலையும், ஒவ்வொரு நிதியாண்டு முடிந்த மூன்று மாதத்திற்குள் வரவு செலவுக் கணக்கையும் ஒப்படைக்க வேண்டும். புறக்கணித்தாலோ கையாடினாலோ நீக்கப்படுவார். காழீயின் கண்காணிப்பு எனப் பழைய நூல்களில் நாம் படிப்பதன் இன்றைய வடிவமாகவே இது எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. சொத்தை உடைமையாகக் கொள்ளவும் வாரிசாகப் பெறவும் பிறரைப் போன்றே அவர்களுக்கு உரிமையுண்டு என 13ஆம் பிரிவு உறுதிசெய்கிறது. துணை நிற்பவரின் நலனும் அவர் நலனும் மோதுமிடத்தில், துணை நிற்பவர் விலகிக்கொள்ள வேண்டும். 14ஆம் பிரிவின் வரையறுக்கப்பட்ட பாதுகாவல், குறித்த காலத்திற்குக் குறித்த முடிவுகளில் மட்டும், அவரோடு கலந்து செயல்படுவதாகும். 7ஆம் பிரிவின்படி, கொடுமையும் சுரண்டலும் நடப்பதாக அறிந்த எவரும் நிர்வாக நடுவரிடம் தெரிவிக்கலாம். நம் வட்டாரங்களில் கோட்டாட்சியரும் வட்டாட்சியரும் அவ்வதிகாரம் உடையோர். மீட்பு, பாதுகாப்பான உறைவிடம், பராமரிப்புத் தொகை ஆகியவற்றுக்கு அவர் ஆணையிட இயலும். நல்லெண்ணத்துடன் தகவல் தந்தவர் மீது வழக்குத் தொடர முடியாது. தம் பொறுப்பிலுள்ளவருக்கு உணவையோ நீரையோ வேண்டுமென்றே மறுப்பது, பொதுவிடத்தில் இழிவுபடுத்துவது ஆகியவற்றுக்கு 92ஆம் பிரிவு ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை விதிக்கிறது.

மூன்றாவது, 2018 மே முதல் நடைமுறையிலுள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. இது மனநோய்க்கு உரியது. அறிவு வளர்ச்சிக் குறைபாட்டை மனநோயாக இது கருதுவதில்லை. எவ்வடிவிலும் சங்கிலியிடுதலை 95ஆம் பிரிவு முற்றாகத் தடுக்கிறது. பதிவு பெறாத மனநல இல்லம் இயங்கலாகாது. அங்கிருப்போரிடம் கட்டாய வேலை வாங்கலாகாது. செய்த வேலைக்குத் தக்க ஊதியம் தர வேண்டும். ஒரு வீட்டில் மனநோயாளர் துன்புறுத்தப்படுவதாகவோ புறக்கணிக்கப்படுவதாகவோ யாரும் காவல் நிலையத்தில் கூறலாம். அவ்வாறு நம்பக் காரணமுண்டெனில் நிலைய அதிகாரி நடுவருக்கு அறிவித்தல் கடமை.

இவையன்றி, குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாக வேலை வாங்குவது அரசமைப்பின் 23ஆவது உறுப்பு தடுக்கும் கட்டாய உழைப்பே என, ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982இல் உச்சநீதிமன்றம் கூறியது. சோற்றுக்குக் குவளை கழுவுவது தருமமன்று. மாற்றுத்திறனாளிப் பெண் மீதான வல்லுறவுக்கு, 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 64ஆம் பிரிவு குறைந்தது பத்தாண்டுக் கடுங்காவலை விதிக்கிறது. அவருடைய வாக்குமூலத்தை வீட்டிலேயே, சிறப்புக் கல்வியாளர் துணையுடன் பதிவுசெய்யவும் இன்று வழியுண்டு. 'புத்தி சரியில்லாதவள் சொல்வதை எவர் நம்புவார்?' என்று அமைதி காக்கும் குடும்பங்கள் இதனை அறிதல் நன்று.

நாம் செய்யக்கூடியது

சட்டம் தானாக நடந்து எவர் வீட்டுக்கும் வருவதில்லை. ஜமாஅத்துக்கும் உலமாக்களுக்கும் இதில் பங்குண்டு. பாகப்பிரிவினைக் கணக்கு எழுதும் ஆலிம், வாரிசுகளுள் அறிவுநலம் குன்றியோர் உளரா எனக் கேட்டு, அவருடைய பாதுகாவலர் எவரால் நியமிக்கப்பட்டவர் என்பதையும் அறிந்த பின்னரே தாளைக் கொடுக்கட்டும். நான் இப்போது அவ்வாறே செய்கிறேன். 'எங்களுக்குப் பின் யார்?' என ஏங்கும் பெற்றோர், தம் வாழ்நாளிலேயே நம்பிக்கைக்குரிய வஸீயை நியமிக்கட்டும். உள்ளூர்க் குழுவிடம் முறையான விண்ணப்பமும் அளிக்கட்டும். திருமணம் செய்துவைத்தால் நோய் தெளியும் என்று உண்மையை மறைத்து நிக்காஹ் நடத்துவதற்குப் பள்ளிவாசல் பதிவேடு இடம் தரலாகாது. இலவசச் சட்ட உதவிக்கு 15100, மனநல ஆலோசனைக்கு 14416 என்னும் தொலைபேசி எண்கள் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் இருக்கட்டும்.

பராமரிப்போரின் சுமையையும் நாம் மறத்தலாகாது. கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளருக்கெனத் தனிப்பகுதி இருந்தது. அதன் செலவு வக்ஃபிலிருந்து வந்தது. குடும்பத்தின் தோளில் மட்டும் அன்றைய சமுதாயம் அச்சுமையை ஏற்றிவிடவில்லை. வாரத்தில் ஒரு நாள் ஒரு தாய்க்கு ஓய்வு கிடைக்கும்படி ஒரு பகல்நேரப் பராமரிப்பிடம் நடத்துவது, வருவாயுள்ள எந்த ஜமாஅத்துக்கும் இயலாத செயலன்று.

அறிவில் ஏதோ குறையிருந்த ஒரு பெண்மணி நபி (ஸல்) அவர்களிடம் தமக்கொரு தேவை இருப்பதாகக் கூறிய நிகழ்ச்சியை, அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்க இமாம் முஸ்லிம் பதிவு செய்துள்ளார்கள். நபியவர்கள் அப்பெண்மணியை ஒதுக்கவில்லை. உறவினரை அழைத்து வரச் சொல்லவுமில்லை. மரியாதையுடன் விளித்து, எந்தத் தெருவில் நின்று பேசுவது என்பதை அவரே தெரிவு செய்யுமாறு கூறி, அவருடன் சென்று, அவர் தேவை தீரும்வரை நின்றார்கள். இந்த ஹதீஸை எத்தனையோ ஆண்டுகள் மாணவர்க்கு நபிகளாரின் பணிவுக்குச் சான்றாகவே விளக்கி வந்தேன். அதில் ஒரு சட்டமும் இருக்கிறது என்பதைத் தேநீர்க் கடையில் நின்ற அந்த மனிதரே எனக்குக் கற்பித்தார். தெருவைத் தெரிவு செய்யும் உரிமை அப்பெண்மணியுடையது. நிலத்தின் மீதான உரிமையும் அவருடையதாகவே இருந்தது.