வயிற்றுக் கொழுப்பும் வார ஊசியும்

கொழுப்புத் திசு, மிஞ்சிய உணவைச் சேர்த்து வைக்கும் குதிர் மட்டுமன்று. சேமிப்பு போதுமென்று மூளைக்கு உணர்த்தும் லெப்டின் போன்ற ஹார்மோன்களைச் சுரக்கும் உறுப்பும் அதுவே. தோலடிக் கொழுப்பால் பெருந்தீங்கில்லை. அங்கே இடம் போதாமல் குடலையும் கல்லீரலையும் சூழ்ந்து படியும் உள்ளுறுப்புக் கொழுப்போ, அழற்சியைத் தூண்டி, இன்சுலினின் வேலையைக் கெடுத்து, நீரிழிவுக்கு வழிவிடுகிறது.

இந்த வேறுபாட்டைத் தமிழர் அவசியம் அறிய வேண்டும். புணே மருத்துவர் யாக்னிக்கும் ஆங்கிலேய மருத்துவர் யுட்கினும் 2004-இல் லான்செட் இதழில் தங்கள் உடல்களையே ஒப்பிட்டுக் காட்டினர்: உயரத்திற்கேற்ற எடையைக் குறிக்கும் பிஎம்ஐ இருவருக்கும் 22.3; உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2 விழுக்காடு. சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனம் ஒருங்கிணைத்து 2023-இல் வெளியான நாடளாவிய ஆய்விலும், பொதுப் பருமன் 28.6 விழுக்காட்டினருக்கு இருக்க, வயிற்றுப் பருமன் 39.5 விழுக்காட்டினருக்கு இருந்தது. ஆகவே, பெரம்பலூர் மாவட்ட ரஞ்சன்குடிக் கோட்டையைச் சுற்றி மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் ஊர்களிலும், கைகால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளியவரை ஒல்லி என்று விட்டுவிடுவது பிழை.

வாரம் ஒருமுறை போடும் எடைக்குறைப்பு ஊசிகளான மவுன்ஜாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி ஜூனிலும் இந்தியச் சந்தைக்கு வந்தன. உண்டதும் குடல் சுரக்கும் ஜிஎல்பி-1 ஹார்மோன் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். அதைப் போலவே செயல்பட்டு வாரக்கணக்கில் நிலைக்குமாறு அமைக்கப்பட்டதே வெகோவியிலுள்ள செமாக்ளூடைட். மவுன்ஜாரோவிலுள்ள டிர்செபடைட், ஜிஐபி என்ற இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. இவை கொழுப்பை நேரே உருக்குவதாகப் பலர் எண்ணுவது சரியன்று. முதன்மையாகப் பசியைத் தணித்து உணவைக் குறைப்பதால், உடல் தன் சேமிப்பை எடுத்து எரிக்கிறது.

2021-இல் வெளியான செமாக்ளூடைட் ஆய்வில் 68 வாரங்களில் சராசரி எடை 14.9 விழுக்காடு குறைந்தது. உடலமைப்பை அளந்து பார்த்த ஒரு பிரிவினரிடம் உள்ளுறுப்புக் கொழுப்பு 27.4 விழுக்காடு குறைந்தது. நம்மவர்க்கு இது பெரும் நற்செய்தி. ஆயினும் தசை உள்ளிட்ட கொழுப்பற்ற எடையும் அவர்களிடம் 9.7 விழுக்காடு குறைந்தது; முன்பே தசை குறைந்த உடலுக்கு இந்த இழப்பு சிறிதன்று என்பதால், புரத உணவையும் தசைக்கான உடற்பயிற்சியையும் சிகிச்சையின் பகுதியாகவே கொள்ள வேண்டும். மேலும், எடை குறையும்போது கொழுப்பணுக்கள் சுருங்குகின்றனவே தவிர, அவற்றின் எண்ணிக்கை பெரிதும் குறைவதில்லை. அந்த ஆய்வில் பங்கேற்றோர் மருந்தை நிறுத்தியதும் பசி திரும்ப, ஓராண்டில் இழந்த எடையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு மீண்டுவிட்டது.

ஊசியைப் பற்றி எண்ணுமுன் இடுப்புச் சுற்றளவை அளந்து பாருங்கள். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. என்ற வரம்பைத் தாண்டியிருந்தால், மருந்துக் கடைக்கு அல்ல, மருத்துவரிடம் செல்லுங்கள்.