பாலை நிலத்துப் படகோட்டி

கடலும் களப்பும் சூழ்ந்த யாழ்ப்பாணக் குடாநாட்டாருக்கு வள்ளம் வலித்தல் புதிதன்று. ஆயினும், சர்வதேச விழாக்களில் நடைபெறும் ஒற்றையர் துடுப்புப் படகோட்டம் வேறுவகையானது.

அதற்குரிய படகு ஏறக்குறைய 8 மீட்டர் நீளமானது. நிறையோ 14 கிலோகிராம் அளவே. ஓட்டுபவர் ஒருவர், கைக்கொன்றாக இரு துடுப்புகள். செல்லும் திசைக்கு முதுகைக் காட்டியே அவர் அமர்வார். ஆதலால் வெற்றிக் கோட்டை அவர் காண்பதில்லை, பின்தங்கியவரையே காண்பார். இருக்கை முன்னும் பின்னும் நகர்வதால், கைவலிமையினும் கால்வலிமையே படகை மிகுதியும் உந்துகிறது. கடக்க வேண்டிய தூரம் 2000 மீட்டர்.

2010ஆம் ஆண்டு சீனாவின் குவாங்சௌ நகரில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில், ஆடவருக்கான இப்போட்டியில் வென்றவர் இந்தியாவின் பஜ்ரங் லால் தாக்கர். ஆசிய விழாப் படகோட்டத்தில் இந்தியா பெற்ற முதல் தங்கப் பதக்கம் அதுவே. அவர் பிறந்ததோ வறண்ட இராசத்தான் மாநிலம்! இராணுவத்திற் சேர்ந்த பின்னரே அவர் துடுப்பைக் கையிலெடுத்தார். 2006ஆம் ஆண்டு தோகாவில் வெள்ளி வென்றார். அடுத்த நான்காண்டு உழைப்பு அதனைப் பொன்னாக்கியது.

நேயர்களே, நீர்வளம் மட்டும் படகு வீரரை ஆக்கிவிடாது. படகும் பயிற்றுநரும் இடையறாப் பயிற்சியும் வேண்டும். பாலை நிலத்தவருக்கு அவை தங்கம் ஈந்தன. அலையோசையிலே வளரும் நம் இளைஞருக்கும் அவை வாய்க்குமாயின், அவர்கள் எட்டும் கரை எதுவாகும் என எண்ணிப் பாருங்கள்.