சிச்சுவான் மிளகாய் எண்ணெய்

சிச்சுவான் மிளகாய் எண்ணெய் என்பது காய்ந்த மிளகாய்ப் பொடியின் மீது சூடான எண்ணெயை ஊற்றி, மிளகாயின் காரம், நிறம், மணம் மூன்றையும் எண்ணெயில் இறக்கிச் செய்யப்படும் சமையல் துணைப்பொருள் ஆகும். சீனாவின் தென்மேற்கில் உள்ள சிச்சுவான் மாகாணத்தில் இதைச் 'சிவப்பு எண்ணெய்' என்னும் பொருளில் 'ஹொங் யோ' என்பர். நூடுல்ஸ், வேகவைத்து ஆறவைத்த கோழி இறைச்சி போன்றவற்றின் மேல் பரிமாறும்போது இதை ஊற்றுகிறார்கள். மிளகாய் சீனாவின் சொந்தப் பயிர் அன்று. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த அது 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அங்கு போய்ச் சேர்ந்தது.

காரம் எண்ணெயில் இறங்குவது ஏன்?

மிளகாயின் காரத்துக்குக் காரணம் கேப்சைசின் என்னும் வேதிப்பொருள். இது நீரில் ஏறக்குறைய கரைவதே இல்லை. எண்ணெயில் நன்கு கரையும். மிளகாயின் சிவப்பு நிறமிகளும் அப்படியே. தாளிக்கும் எண்ணெயில் கிள்ளிப்போட்ட ஒரு வற்றல் மிளகாய் குழம்பு முழுவதையும் மணக்கச் செய்வதற்கும் இதுவே காரணம். (நாக்கு எரியும்போது தண்ணீர் குடித்துப் பயனில்லை என்பதும், பாலோ தயிரோ எரிச்சலைத் தணிக்கும் என்பதும் இதோடு சேர்ந்த செய்திதான்.)

செய்முறை

250 மி.லி. எண்ணெய்க்கு 50 கிராம் மிளகாய் போதும். சிச்சுவானில் கடுகு இனத்தைச் சேர்ந்த ரேப்சீட் எண்ணெயைப் பயன்படுத்துவர். அது கிடைக்காத இடத்தில் கடலை எண்ணெய் நன்றாகவே அமையும். நிறத்துக்குக் காஷ்மீரி மிளகாயும் காரத்துக்குக் குண்டு மிளகாயும் கலந்துகொள்ளலாம். மிளகாயை வெறும் சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்து, ஆறியபின் கொரகொரப்பாக இடிக்க வேண்டும். கடைகளில் விற்கும் நைசான தூள் இதற்கு ஆகாது. சூடான எண்ணெய் பட்டவுடன் கருகிக் கசந்துவிடும்.

எண்ணெயில் ஓர் அன்னாசிப்பூ, சிறு துண்டு பட்டை, ஒரு பிரியாணி இலை, இரண்டு துண்டு இஞ்சி, கொஞ்சம் வெங்காயத்தாள் ஆகியவற்றைப் போட்டுச் சிறுதீயில் காய்ச்ச வேண்டும். இஞ்சியும் தாளும் பழுப்பாகிச் சுருங்கி, சலசலப்பு அடங்கியதும் எல்லாவற்றையும் அரித்து எடுத்துவிட வேண்டும். சலசலப்பு என்பது நீர் ஆவியாகி வெளியேறும் ஓசை. அது அடங்கும் முன் எடுப்பது அவசரம்.

மிளகாய்ப் பொடியுடன் ஒரு மேசைக்கரண்டி எள்ளும் சிறிது உப்பும் கலந்து, வெப்பம் தாங்கும் உலர்ந்த பாத்திரத்தில் வைத்துக்கொண்டு, எண்ணெயைச் சிறிது சிறிதாக மூன்று தடவையாக ஊற்ற வேண்டும். முதல் தடவை எண்ணெய் சுமார் 180 பாகை செல்சியசில் இருக்கலாம். அடுத்தடுத்த தடவைகளில் ஆறவிட்டு ஊற்ற வேண்டும். வெப்பமானி இல்லாதவர்கள் ஒரு சிட்டிகைப் பொடியைப் போட்டுப் பார்க்கலாம்: நுரைத்து மிதந்தால் பதம் சரி, உடனே கறுத்தால் சூடு அதிகம். ஒருநாள் மூடி வைத்தபின் நிறம் நன்கு இறங்கியிருக்கும்.

ஈரம் என்னும் ஆபத்து

எண்ணெயில் மூழ்கிய பொருள் கெடாது என்று பலரும் நம்புகிறார்கள். ஊறுகாயைப் பார்த்து வந்த நம்பிக்கை இது. ஆனால் ஊறுகாயைக் காப்பது முக்கியமாக உப்பும் புளிப்பும். எண்ணெய் காற்றையும் பூஞ்சையையும் தடுப்பதோடு சரி. உப்பும் புளிப்பும் இல்லாத இடத்தில் அந்தக் காற்றின்மையே ஆபத்தாகிறது. மண்ணில் வாழும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாய் போன்றவற்றில் ஒட்டியிருக்கலாம். கொதிநீரின் வெப்பத்தில் அவை சாவதில்லை. ஈரம் இருந்து, காற்றும் புளிப்பும் இல்லாதபோது, அறை வெப்பநிலையில் அவை முளைத்து நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நச்சை உண்டாக்குகின்றன. எண்ணெயின் வாடையோ சுவையோ மாறாமலே இது நிகழக்கூடும்.

1985-இல் கனடாவின் வான்கூவர் நகரில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 36 பேர் இந்நோய்க்கு ஆளானார்கள். எண்ணெயில் போட்ட நறுக்கிய பூண்டைக் குளிரூட்டாமல் வெளியே வைத்திருந்ததே காரணம். பார்வை இரட்டையாகத் தெரிதல், இமை தொங்குதல், பேச்சுக் குழறல், விழுங்க முடியாமை ஆகியவை அறிகுறிகள். இவை தோன்றினால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்; மூச்சுத் தசைகள் செயலிழந்தால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே மொறுமொறுப்பாகக் காய்ந்த மிளகாயையே பயன்படுத்த வேண்டும். புட்டி, கரண்டி இரண்டும் உலர்ந்திருக்க வேண்டும். சேர்த்த இஞ்சியையும் தாளையும் எண்ணெயிலேயே விட்டுவைக்கக் கூடாது. எண்ணெயைக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பது நல்லது; காறல் வாடை பிடிப்பதும் தாமதமாகும். பச்சைப் பூண்டு போட்ட எண்ணெயை நான்கு நாட்களுக்கு மேல் குளிர்பதனப் பெட்டியிலும் வைக்கலாகாது.

பச்சை மிளகாயின் மணமே வேண்டும் என்பவர்களுக்கு எண்ணெய் ஏற்றதன்று, வினிகரே ஏற்றது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் சிறு மிளகாய்களைக் கீறிப் புட்டியில் இட்டு, காய்ச்சிய வினிகரை நிரப்பி, சில வாரங்கள் ஊறவைத்து, வேகவைத்த கீரையின் மேல் தெளித்துக்கொள்கிறார்கள். 5 விழுக்காடு அமிலம் உள்ள வினிகரை நீர் கலக்காமல் ஊற்றினால் அந்தப் புளிப்பில் பாட்டுலினம் வளராது.