டிரிப்ஸ் வேகமாகப் போகலாமா? மூன்று எண்ணில் அடங்கும் சொட்டுக் கணக்கு!

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகும் சாலையில் இருக்கிறது மதகடிப்பட்டு. செவ்வாய்க்கிழமைச் சந்தைக்குப் பெயர் போன ஊர். பெயரிலேயே மதகு இருக்கிறது. மதகை அதிகம் திறந்தால் பயிர் மூழ்கும். குறைவாகத் திறந்தால் கடைமடை காயும். இதைச் சுற்றுவட்டார விவசாயிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஊரை ஒட்டிய கலிதீர்த்தாள்குப்பத்தில் ஸ்ரீ மணக்குள விநாயகர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. அங்கே என்றில்லை, எந்த ஆஸ்பத்திரி வார்டிலும் டிரிப்ஸ் குழாயில் ஒரு சின்ன உருளைச் சக்கரத்தைப் பார்க்கலாம். அது செய்வதும் மதகின் வேலைதான். எவ்வளவு திறக்க வேண்டும் என்பதற்கான கணக்கு, நர்சிங் மாணவர்களுக்குப் பாடம். நோயாளியின் கட்டிலருகே காத்திருக்கும் நமக்கும் அது தெரிந்திருந்தால் நல்லது.

மூன்று எண்கள் போதும்

எவ்வளவு திரவம் ஏற்ற வேண்டும்? எவ்வளவு நேரத்தில்? குழாயில் எத்தனை சொட்டு சேர்ந்தால் ஒரு மி.லி.? இந்த மூன்றும் தெரிந்தால் விடை கிடைத்துவிடும்.

திரவத்தின் அளவை, ஒரு மி.லி.க்கான சொட்டு எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். வருவதை மொத்த நிமிடங்களால் வகுக்க வேண்டும். அதுதான் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்ற விடை.

500 மி.லி. சலைன் பாட்டிலை 4 மணி நேரத்தில் ஏற்றச் சொல்லி டாக்டர் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குழாய் 20 சொட்டு வகை. 500 × 20 = 10,000. நான்கு மணி நேரம் என்பது 240 நிமிடம். வகுத்தால் 41.67 வரும். அரைச் சொட்டு, முக்கால் சொட்டு என்று எண்ண முடியாது என்பதால் நிமிடத்துக்கு 42 சொட்டு.

இதற்குக் குறுக்குவழியும் உண்டு. 20 சொட்டுக் குழாயில், ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மி.லி. என்பதை 3-ஆல் வகுத்தால் போதும். மேலே சொன்ன பாட்டில் மணிக்கு 125 மி.லி. போகிறது. 125-ஐ 3-ஆல் வகுத்தாலும் அதே 42தான்!

மாணவர்கள் சறுக்கும் இடம்

பெருக்கல், வகுத்தலில் தவறுபவர்கள் குறைவு. மூன்றாவது எண்ணில்தான் சறுக்கல். வெளிநாட்டுப் பாடப்புத்தகக் கணக்குகளில் ஒரு மி.லி.க்கு 10, 15, 20 சொட்டு என்று பல வகைக் குழாய்கள் வரும். குழந்தைகளுக்குப் பயன்படும் மைக்ரோ டிரிப் செட்டில் சொட்டு மிகச் சிறியது. 60 சொட்டு சேர்ந்தால்தான் ஒரு மி.லி. கையில் இருக்கும் குழாய் எந்த வகை என்பது அதன் உறையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அதைப் பார்த்த பிறகே கணக்கைத் தொடங்க வேண்டும்.

பார்க்காவிட்டால் என்ன ஆகும்? குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு எவ்வளவு திரவம் தேவை என்று கணக்கிட, ஹாலிடே, சீகர் என்ற இரு மருத்துவர்கள் 1957-ல் ஒரு வாய்ப்பாடு தந்தார்கள். அதன்படி 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு நாளுக்கு 1,000 மி.லி. மணிக்கு 42 மி.லி. என்று வருகிறது. மைக்ரோ செட்டில் மணிக்கு எத்தனை மி.லி.யோ, நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. ஆக, நிமிடத்துக்கு 42 சொட்டு.

அதே 42 சொட்டை, கவனிக்காமல் 20 சொட்டுக் குழாயில் வைத்துவிட்டால்? மணிக்கு 126 மி.லி. போகும். 24 மணி நேரத்துக்கான திரவம் 8 மணி நேரத்தில் குழந்தையின் உடம்புக்குள் போய்விடும். சொட்டு எண்ணிக்கை சரி. குழாய் மாறிப்போனதால் அளவு மூன்று மடங்கு!

வேகமும் மருந்துதான்

அளவுக்கு மேல் வேகமாகப் போகும் திரவம் நுரையீரலில் நீர் கோக்க வைக்கலாம். இதயம், சிறுநீரகம் பலவீனமான முதியவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். பொட்டாசியம் கலந்த பாட்டில் வேகமாகப் போனால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். டெங்குவில் நோயின் நிலை மாற மாற, வேகத்தையும் கூட்டிக் குறைக்க வேண்டியிருக்கும்.

குறைவாகப் போனாலும் சிக்கல். 1832-ல் ஸ்காட்லாந்தின் லீத் நகரில், காலராவால் வற்றிப்போயிருந்த ஒரு மூதாட்டிக்கு டாக்டர் தாமஸ் லாட்டா நரம்பு வழியாக உப்பு நீர் ஏற்றினார். அரை மணி நேரத்தில் ஏறக்குறைய 3 லிட்டர் போனது. சாகக் கிடந்தவர் தெளிந்தார். லாட்டா கிளம்பிச் சென்ற பிறகு வாந்தியும் பேதியும் திரும்பின. மீண்டும் திரவம் ஏற்றப்படவில்லை. சில மணி நேரத்தில் அவர் இறந்துபோனார். எவ்வளவு, எவ்வளவு நேரத்துக்கு என்ற கேள்வி அன்று தொடங்கியது.

‘ஒரு குளுக்கோஸ் போடுங்க டாக்டர்!’

உடம்பு அசதி என்றாலே பாட்டில் ஏற்றச் சொல்லிக் கேட்பது நம் ஊர் வழக்கம். 500 மி.லி. கொண்ட 5 சதவிகித குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் குளுக்கோஸ்தான். அதில் கிடைக்கும் சக்தி 100 கலோரிக்குள். கிட்டத்தட்ட இரண்டு இட்லி! வாயால் சாப்பிட முடிகிறவருக்கு அந்த இட்லியே போதும். டிரிப்ஸ் தேவையா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

கட்டிலருகே இருப்பவர்கள் கவனிக்க...

* ‘இந்த பாட்டில் எத்தனை மணிக்கு முடியும்?’ என்று நர்ஸிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

* கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் சொட்டுகளை எண்ணலாம். நோயாளி கையை மடக்கினாலோ, குழாய் மடிந்தாலோ, பாட்டிலின் உயரம் மாறினாலோ வேகம் மாறும். ஒருமுறை சரியாக வைத்த வேகம் கடைசிவரை அப்படியே இருக்காது.

* சொட்டு நின்றுவிட்டாலோ, பாட்டில் சொன்ன நேரத்துக்கு வெகு முன்பே காலியானாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

* மூச்சுத்திணறல், குளிர் நடுக்கம், ஊசி போட்ட இடத்தில் வீக்கம், எரிச்சல் இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.

* ‘சீக்கிரம் முடிந்தால் வீட்டுக்குப் போகலாம்’ என்று உருளையை நீங்களே தள்ளிவிடாதீர்கள். எண்ணுவது யாரும் செய்யலாம். திறப்பதும் மூடுவதும் மருத்துவப் பணியாளரின் வேலை.

இங்கே உள்ள கணக்குகள் புரிந்துகொள்வதற்கு மட்டுமே. உங்கள் வீட்டு நோயாளிக்கு எந்தத் திரவம், எவ்வளவு வேகம் என்பது அவருடைய வயது, எடை, நோயைப் பொறுத்தது. கேஸ் ஷீட்டில் டாக்டர் எழுதியிருப்பதே இறுதி.