செவ்வாயில் தூங்காத கணினி

கணினி திடீரென்று உறைந்து நின்றால் நாம் செய்யும் முதல் வேலை, அதை அணைத்து மீண்டும் இயக்குவதுதான். பெரும்பாலும் அதுவே போதும். ஆனால், இயக்கும் ஒவ்வொரு முறையும் அது முடங்கினால்? அதுவும் அந்தக் கணினி செவ்வாய்க் கோளில் இருந்தால்?

2004ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசா அப்படியொரு சிக்கலில் மாட்டிக்கொண்டது. ஜனவரி 4ஆம் தேதி குசெவ் பள்ளத்தில் தரையிறங்கிய ஸ்பிரிட் ஆய்வு வாகனம், ஜனவரி 21ஆம் தேதி திடீரென்று தகவல் அனுப்புவதை நிறுத்தியது. பிறகு கிடைத்த அரைகுறைத் தகவல்கள் கவலையைக் கூட்டின. கணினி 60 தடவைக்கும் மேல் தானாகவே மறுதொடக்கம் செய்திருந்தது. இரவில் தூங்க வேண்டிய வாகனம் விழித்தே இருந்ததால், அதன் மின்கலம் வற்றிக்கொண்டிருந்தது.

காரணத்தைப் புரிந்துகொள்ள, கணினியின் இரண்டு வகை நினைவகங்களை முதலில் அறிந்துகொள்வோம். ஸ்பிரிட்டில் 256 மெகாபைட் ஃபிளாஷ் நினைவகம் இருந்தது. மின்சாரம் நின்றாலும் அதில் உள்ள கோப்புகள் அழியாது. இன்னொன்று 128 மெகாபைட் ரேம். கணினி வேலை செய்யும்போது மட்டுமே அது பயன்படும், அணைத்தால் காலியாகிவிடும். முதலாவது புத்தக அலமாரி என்றால், இரண்டாவது படிக்கும் மேசை.

மேசையில் யாருக்கு எவ்வளவு இடம் என்று பங்கிட்டுக் கொடுப்பது இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் பொறுப்பு. எப்படிப் பங்கிட வேண்டும் என்ற விதிகளைப் பொறியாளர்கள் ‘செட்டிங்’ எனப்படும் அமைவுகளில் முன்கூட்டியே எழுதி வைப்பார்கள்.

ஸ்பிரிட்டின் காலை வாரியவை அப்படிப்பட்ட இரண்டு அமைவுகள்தாம்.

கணினி தொடங்கும்போதெல்லாம் ஃபிளாஷில் உள்ள கோப்புகளின் பட்டியல் ரேமில் ஏற்றப்படும். அந்தப் பட்டியல் எவ்வளவு இடத்தையும் எடுத்துக்கொள்ளலாம் என்று முதல் அமைவு அனுமதித்தது. கோப்பை அழித்தாலும் பட்டியல் சுருங்கவில்லை. ஏழு மாத விண்வெளிப் பயணத்தில் சேர்ந்த கோப்புகளோடு செவ்வாயில் உருவான கோப்புகளும் சேர, பட்டியல் பருத்துக்கொண்டே போனது.

இரண்டாவது அமைவு இன்னும் விபரீதமானது. ரேமில் இடம் தீர்ந்துவிட்டால், இடம் கேட்ட நிரலிடம் ‘இல்லை’ என்று சொல்வதற்குப் பதிலாக, அந்த நிரலையே நிறுத்திவைத்தது. நிரல் நின்றதும், ஏதோ கோளாறு என்று கண்காணிப்பு மென்பொருள் கணினியை மறுதொடக்கம் செய்தது. மறுபடியும் அதே பட்டியல், அதே தட்டுப்பாடு, அதே மறுதொடக்கம். செக்குமாடு போல ஒரே வட்டம்!

கலிபோர்னியாவில் உள்ள ஜெட் உந்துவிசை ஆய்வகத்தின் பொறியாளர்களுக்கு இது எதுவும் தொடக்கத்தில் தெரியாது. வன்பொருள் பழுது உட்படப் பல காரணங்களை அவர்கள் அலசினார்கள். ஒரு கட்டளை செவ்வாயை எட்டவே சுமார் 10 நிமிடங்கள் ஆகும். கடைசியில் சந்தேகம் ஃபிளாஷ் மீது விழுந்தது. “ஃபிளாஷைத் தொடாமல் தொடங்கு” என்று கட்டளை அனுப்பினார்கள். கணினி நிலையாக நின்றது! குற்றவாளி எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிட்டது. தேவையற்ற கோப்புகளை நீக்கினார்கள். பிப்ரவரித் தொடக்கத்தில் ஃபிளாஷ் முழுவதையும் அழித்துப் புதிதாக ஒழுங்குபடுத்தினார்கள்.

இதற்கிடையே ஜனவரி 25ஆம் தேதி, இரட்டைச் சகோதரியான ஆப்பர்சூனிட்டி செவ்வாயின் மறுபக்கத்தில் இறங்கியிருந்தது. அதிலும் அதே மென்பொருள்தான். ஸ்பிரிட்டிடம் கற்ற பாடம் அதையும் காப்பாற்றியது.

மூன்று மாதங்களுக்கென்று அனுப்பப்பட்ட ஸ்பிரிட், 2010 மார்ச் வரை பூமியுடன் தொடர்பில் இருந்தது. 2004 ஜனவரிச் சிக்கலுக்கு வன்பொருள் பழுது காரணமில்லை. பூமியில் நடந்த சோதனைகளில், அத்தனை கோப்புகள் சேரும் அளவுக்கு நீண்ட நாள் ஓட்டிப் பார்க்காததால் தவறு கண்ணில் படவில்லை.

மாணவர்களே, உங்கள் கணினியில் உள்ள ‘சேஃப் மோட்’ வசதியும் இதே வழியில்தான் செயல்படுகிறது. அவசியமானவற்றை மட்டும் வைத்துக்கொண்டு கணினி தொடங்கும். அப்போது அது முடங்காமல் நின்றால், விட்டுவைத்த பகுதிகளில்தான் சிக்கல் இருக்க வாய்ப்பு அதிகம். அவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். எதைச் சேர்த்ததும் கணினி மீண்டும் முடங்குகிறதோ, தேடலை அங்கிருந்து தொடங்கலாம்.