அறையும் மனமும்

பாடம் மனத்தில் ஏறவில்லையென்றால் ஆசிரியரைக் குறை கூறுவோம், அன்றேல் மாணவனின் சிரத்தையின்மையைக் கடிந்துகொள்வோம். அவ்விருவரையும் நாற்புறமும் சூழ்ந்து நிற்கும் சுவர்களின் மீது நமக்குச் சந்தேகமே எழுவதில்லை.

அமெரிக்காவின் பிராண்டைஸ் சர்வகலாசாலையில் மனோதத்துவப் பேராசிரியராயிருந்த ஆபிரகாம் மாஸ்லோவும், அவருடன் ஆராய்ந்த மின்ட்ஸும் சந்தேகப்பட்டார்கள். 1956-ல் அவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சிக்கு மூன்று அறைகளே கருவிகள். பெரிய ஜன்னல்களும் இளம்பழுப்புச் சுவர்களும், கம்பளமும் சித்திரங்களுமாக எழிலோடு விளங்கியது ஓர் அறை. சாம்பல் வர்ணச் சுவர்களும், அழுக்கேறிக் கிழிந்த மூடியோடு தொங்கிய விளக்கும், வாளியும் துடைப்பமுமாகத் தட்டுமுட்டுச் சாமான் கிடங்கைப்போல் அவலட்சணமாய்க் கிடந்தது இன்னொன்று. மூன்றாவது, பேராசிரியர் ஒருவரின் சாதாரண அலுவலறை. ஒரே முகங்களின் புகைப்படங்களை மூன்று இடத்திலும் காட்டி அபிப்பிராயம் கேட்டபோது, எழிலறையில் இருந்தவர்கள் அம்முகங்களில் உற்சாகத்தையும் க்ஷேமத்தையும் மிகுதியாகக் கண்டார்கள். சாதாரண அறையின் மதிப்பெண்களோ அவலட்சண அறையையே அதிகம் நெருங்கி நின்றன.

இதைவிட விசித்திரமான ஒன்று உண்டு. படங்களைக் காட்டிய பரீட்சகர் இருவரும், தாமும் சோதிக்கப்படுவதை அறியாமலே, மூன்று வார காலம் எழிலறையிலும் அவலட்சண அறையிலும் மாறி மாறி அமர்ந்தனர். அவலட்சண அறையில் அமர்ந்த நாட்களில் அவர்கள் வேலையை அவசரமாக முடித்தார்கள். சலிப்பு, களைப்பு, தலைவலி, தூக்கம், எரிச்சல் என்று வருந்தினார்கள். அவ்வறைக்குள் போகாதிருக்கவும் வழி தேடினார்கள்.

கலிபோர்னியா சர்வகலாசாலையின் டேவிஸ் வளாகத்தில் ராபர்ட் சோமர் என்னும் மனோதத்துவ அறிஞர், 1974-ல், வரிசை வரிசையாக நாற்காலிகள் நின்ற ஒரு வகுப்பறையை மாற்றி, மெத்தையிட்ட ஆசனங்களும் கம்பளமும் மென்மையான வெளிச்சமும் அமையச் செய்தார். சொகுசு சோம்பலை வளர்க்கும் என்று அஞ்சுவோர் கவனிக்க வேண்டியது யாதெனில், அங்கே மாணவர்கள் உறங்கவில்லை, பேசலானார்கள் என்பதே. முன்னவனின் முதுகைப் பார்த்திருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க நேர்ந்ததும், வகுப்பு விவாதத்தில் கலந்துகொள்வோர் தொகை வெகுவாக உயர்ந்தது.

மூன்றே வாரங்களில் பரீட்சகர்களையே வாட்டிய சுவர்கள், நான்காண்டுக் காலம் அவற்றினிடையே பயிலும் இளைஞனை என்ன பாடு படுத்தும்! கலாசாலைக்குக் கட்டிடம் எழுப்புவோர் செங்கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் கணக்குப் பார்க்கட்டும். கூடவே, வகுப்பறையின் கடைசி வரிசையில் ஒரு மணி நேரம் தாமே அமர்ந்தும் பார்க்கட்டும்.