சிறு திறனில் நெடுந்தூர வானொலி

சிறு கைவிளக்கு ஒன்றின் பல்பு எரிவதற்கு ஏறத்தாழ 1 வாட் மின்திறன் தேவைப்படுகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 200 மில்லிவாட் திறனை மட்டும் ஒரு கம்பியிற் செலுத்தி, நெய்யாற்றின் கரையிலிருந்து ஏறத்தாழ 8,400 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இலண்டன் நகர்க்குக் குறி அனுப்ப இயலும் என்றால், கேட்போர் வியப்படைவர். கடல் கடந்த நாடுகளுக்குச் சிற்றலையில் ஒலிபரப்பும் நிலையங்கள் 100 கிலோவாட்டும் அதற்கு மேலும் பயன்படுத்துவதை நாம் அறிவோம். நாம் கூறிய சிறு கருவியின் திறன் அதில் ஐந்து இலட்சத்தில் ஒரு பங்கே ஆகும். ஆயினும் அமெச்சூர் வானொலியர் இதனை நாள்தோறும் செய்து வருகின்றனர். இஃது எவ்வாறு இயல்கிறது, நம் நாட்டின் தென்கோடியில் இம்முயற்சி எத்தகைய தனித்தடையைச் சந்திக்கிறது, அத்தடையிலிருந்து நாம் எதைக் கற்கலாம் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பள்ளியிலிருந்து எழுந்த குறி

200 மீட்டருக்குக் குறைந்த அலைநீளமுடைய வானொலி அலைகள் நெடுந்தூரத்துக்குப் பயன்படா என்று ஒரு காலத்தில் பொறியியலார் கருதினர். அமெரிக்காவில் 1912-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை அமெச்சூர்களுக்கு ஒதுக்கிவிட்டது. ஒதுக்கப்பட்ட அவ்வலைகளே உலகைச் சுற்றிவர வல்லவை என்பதைப் பின்னர் அமெச்சூர்களே மெய்ப்பித்தனர். 1924 அக்டோபர் 18-ஆம் நாள், இலண்டனை அடுத்த மில் ஹில் பள்ளியின் மாணவரான செசில் காய்டர் என்பவரும், நியூசிலாந்தில் ஆட்டுப்பண்ணை ஒன்றில் வாழ்ந்த பிராங்க் பெல் என்பவரும் இருவழித் தொடர்பு கொண்டனர். நிலவுலகின் ஏறத்தாழ நேரெதிர்ப் புறங்களில் இருந்தோர் அவர்கள். அம்மாணவரே பின்னர் 1936-இல் இந்தியாவுக்கு வந்து அகில இந்திய வானொலியின் தலைமைப் பொறியாளராகப் பணியாற்றினார் என்பது நம் ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துக் கூறத்தக்க செய்தியாகும்.

வானத்திலுள்ள கூரை

ஒளியைப் போலவே வானொலி அலைகளும் நேர்கோட்டில் செல்லும் இயல்புடையவை. அவ்வாறாயின் உருண்டையான நிலவுலகின் மறுபுறத்தை அவை எங்ஙனம் அடைகின்றன? கதிரவனின் புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் உயர்ந்த வளிமண்டலத்து அணுக்களைத் தாக்கி எலக்ட்ரான்களைப் பிரிக்கின்றன. இவ்வாறு அமைந்த அயனி மண்டலம் சிற்றலைகளைக் கீழ்நோக்கி வளைத்து அனுப்புகிறது.

இம்மண்டலம் பல அடுக்குகளை உடையது. ஏறத்தாழ 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள டி அடுக்கு பகலில் மட்டுமே வலுவுடன் விளங்கும். அது குறைந்த அதிர்வெண் அலைகளை வளைப்பதைக் காட்டிலும் விழுங்குவதே மிகுதி. அதற்கு மேல் ஈ அடுக்கும், 150 கிலோமீட்டருக்கு மேல் எப் அடுக்கும் உள்ளன. நெடுந்தூரத் தொடர்புக்குப் பெரிதும் துணைபுரிவது எப் அடுக்கே. அதில் ஒருமுறை பட்டுத் திரும்பும் அலை ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் வரை செல்லும். பின் தரையிலோ கடலிலோ பட்டு மீண்டும் மேலெழும். இத்தகைய சில தாவல்களில் கண்டங்கள் கடக்கப்படுகின்றன.

குறுகிய வழியும் நீண்ட பொறுமையும்

வானம் வழி தந்தாலும், வந்து சேரும் குறி மிகவும் நலிந்திருக்கும். இடி மின்னலும் வீட்டு மின்கருவிகளும் எழுப்பும் இரைச்சலில் அது மூழ்கிவிடும். திருவிழாக் கூட்டத்தின் ஆரவாரத்தில் ஒருவர் பேசும் சொல் நம் காதில் விழுவதில்லை. ஆனால் அதே கூட்டத்தில் ஒரு சுருதிப் பெட்டி ஒரே சுரத்தை இடைவிடாது ஒலிக்குமாயின், அச்சுரத்தை மட்டும் நாடிச் செவி சாய்ப்பவர் அதனைக் கண்டுகொள்வார். சிறு திறன் வானொலியின் நுட்பம் இதுவே. குறியை மிகக் குறுகிய அதிர்வெண் இடைவெளியில் அடக்கி, மிக மெதுவாக அனுப்ப வேண்டும்.

இரட்டைத் துடிமீன் பற்றிய கண்டுபிடிப்புக்காக 1993-இல் ரஸ்ஸல் ஹல்ஸுடன் பௌதிக நோபல் பரிசு பெற்ற ஜோசப் டெய்லர், ஓர் அமெச்சூர் வானொலியரும் ஆவார். விண்வெளியின் நலிந்த துடிப்புகளை ஆராய்ந்த அவரே, முணுமுணுப்பு எனப் பொருள்படும் 'விஸ்பர்' என்னும் முறையை 2008-இல் வெளியிட்டார். இம்முறையில் அனுப்பப்படும் செய்தி நிலையத்தின் அழைப்புக்குறி, அஃது அமைந்த இடச்சதுரம், அதன் திறன் ஆகிய மூன்று விவரங்களே. இவை 50 பிட்டுகளில் அடங்கும். பிழை திருத்தத்துக்கான சேர்க்கையுடன் இவை 162 குறியீடுகளாக மாற்றப்பட்டு, நான்கு நெருங்கிய சுரங்களில் அனுப்பப்படுகின்றன. அடுத்தடுத்த சுரங்களுக்கிடையே உள்ள வேறுபாடு 1.46 ஹெர்ட்ஸ். செய்தி முழுவதும் 6 ஹெர்ட்ஸ் அகலத்தில் அடங்கிவிடும். அதனை அனுப்பி முடிக்க 110.6 வினாடிகள் ஆகும்.

சாதாரணப் பேச்சுக்கு 2,500 ஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். அவ்வளவு அகலமான வாயிலில் நுழையும் இரைச்சல், குறியைவிட 600 மடங்கு மிகுந்திருந்தாலும் இம்முறையில் செய்தியை மீட்டெடுக்க முடிகிறது. அகலத்தைச் சுருக்கியதனால் இரைச்சலின் பெரும்பகுதி வெளியே நிறுத்தப்படுகிறது. கால நீட்டிப்பினாலும் பிழை திருத்தத்தினாலும் எஞ்சிய குறை நிரப்பப்படுகிறது.

நிலையங்கள் அனைத்தும் இரட்டைப்படை நிமிடம் பிறந்து ஒரு வினாடி கழிந்ததும் தொடங்க வேண்டும் என்பது விதி. இந்திய நேரம் உலகப் பொதுநேரத்துக்கு ஐந்தரை மணி முன்னதாக உள்ளது. அரைமணிக்குரிய 30 நிமிடம் இரட்டைப்படை எண்ணாதலால், நம் கடிகாரத்தின் இரட்டைப்படை நிமிடமே உலகின் இரட்டைப்படை நிமிடமும் ஆகிறது. எனினும் கடிகாரம் இரண்டொரு வினாடிக்கு மேல் பிழைபடலாகாது.

கள்ளிக்காட்டில் ஒரு நாள்

கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டாரத்தில், அகத்தியமலைத் தொடரின் அடிவாரத்தில், நெய்யாறு அணையை அடுத்துள்ள ஊர் கள்ளிக்காடு. பாறசாலை வழியாகக் கன்னியாகுமரி மாவட்டத்துக்குச் செல்லும் தொலைவு மிகுதியன்று. வடக்கே 8 முதல் 9 பாகை, கிழக்கே 76 முதல் 78 பாகை வரை அமைந்த சதுரத்தை அமெச்சூர்கள் எம்.ஜே.88 என்பர். கள்ளிக்காடு, திருவனந்தபுரம், நாகர்கோவில், திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய அனைத்தும் அந்த ஒரே சதுரத்தில் அடங்கும். 1956-இல் வகுக்கப்பட்ட மாநில எல்லை அதனூடே செல்கிறது. வானொலி அலைக்கு அவ்வெல்லை இல்லை.

இவ்வூரில் உரிமம் பெற்ற ஒருவர் 14.0971 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் நிலையம் நடத்துவதாகக் கொள்வோம். இரண்டு தென்னை மரங்களுக்கிடையே கட்டிய ஏறத்தாழ 10 மீட்டர் கம்பி அவருக்குப் போதுமானது. கிழக்கே மலை உயர்ந்திருப்பதால், அத்திசையில் தாழ்ந்த கோணத்தில் புறப்படும் அலை ஓரளவு மறைக்கப்படும். காலை ஏறியதும் அயனிச் செறிவு கூடி இவ்வலைக்கு வழி திறக்கிறது. 6,100 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பெர்த் நகரில் கேட்கும் குறி, 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நாகர்கோவிலில் கேளாமற்போகலாம். தரைவழி அலை அதற்குள் நலிந்துவிடும். வான்வழி அலையோ அவ்வூரைத் தாண்டிச் சென்று இறங்கும். நண்பகலில் 7 மெகாஹெர்ட்ஸ் அலை சில நூறு கிலோமீட்டருடன் நின்றுவிடும். டி அடுக்கு விழுங்குவதே இதற்குக் காரணம். கதிரவன் மறைந்ததும் அவ்வடுக்கு மறையவே, அதே அலை நெடுந்தூரம் செல்லத் தொடங்கும். சித்திரை, ஐப்பசி மாதங்களின் பிற்பகல் இடிமழையில் இரைச்சல் மிகும். அப்போது கம்பியைக் கருவியிலிருந்து கழற்றி வைப்பதே உயிருக்கும் பொருளுக்கும் பாதுகாப்பு.

காந்த நடுக்கோட்டின் தனித்தன்மை

இதுவரை கூறியவை எந்நாட்டுக்கும் ஏறக்குறையப் பொருந்தும். ஆனால் நம் தென்கோடி காந்த நடுக்கோட்டை அடுத்துள்ளது. நிலவுலகின் காந்தக் கோடுகள் இங்குத் தரைக்கு இணையாகக் கிடக்கின்றன. திருவனந்தபுரம் வானாய்வு நிலையத்தின் தலைவராயிருந்த ஜான் ஆலன் பிரௌன், 1850-களில் அகத்தியமலையின் உச்சியிலும் ஒரு நிலையம் அமைத்து, மலையிலும் நகரிலும் காந்த ஊசியின் அசைவுகளை ஒருங்கே அளந்தார். காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருந்தமையாலேயே தும்பா ஏவுதளத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1963 நவம்பர் 21-ஆம் நாள் முதல் ராக்கெட் அங்கிருந்து எழுந்தது. அக்கோடு ஆண்டுதோறும் சிறிது சிறிதாக இடம் பெயர்வதும் ஈண்டு அறியத்தக்கது.

பகலில் இங்குக் கிழக்கு நோக்கிய மின்புலம் எலக்ட்ரான்களை மேலே உயர்த்துகிறது. உயர்ந்தவை காந்தக் கோடுகளின் வழியே வடக்கிலும் தெற்கிலும் ஊற்றுநீர் போல வழிந்து, அகமதாபாது, கொல்கத்தா போன்ற நகரங்களை ஒட்டிய அகலாங்குகளில் செறிகின்றன. நம் தலைக்கு மேலே எப் அடுக்கு உயரமாகவும் செறிவு சற்றுக் குறைந்தும் காணப்படுகிறது.

கதிரவன் மறைந்தபின் அவ்வடுக்கு மேலும் விரைந்து உயர்கிறது. அப்போது எண்ணெயின் மேல் நீரை ஊற்றினாற்போலச் செறிந்த பகுதி மேலும் செறிவற்ற பகுதி கீழுமாக அமைந்து நிலை குலைகிறது. செறிவற்ற குமிழிகள் மேலெழுந்து அடுக்கைச் சிதறச் செய்கின்றன. பங்குனி, புரட்டாசியை ஒட்டிய மாதங்களிலும், கதிரவனின் 11 ஆண்டுச் சுழற்சி உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளிலும் இது மிகுதி. இக்குமிழிகளின் ஊடே வரும் குறியின் அதிர்வெண் சில ஹெர்ட்ஸ் அளவு அலைந்துவிடும். பேச்சுக்கு இதனால் நடுக்கம் ஏற்படும், அவ்வளவே. 1.46 ஹெர்ட்ஸ் வேறுபாட்டை நம்பியுள்ள முணுமுணுப்புக்கோ இது பெருந்தடை. நேரான சுருதி கமகமாகிவிட்டால் அதனைச் சுருதியெனக் கண்டுகொள்வது எங்ஙனம்? குறி வலுவுடன் வந்தும் செய்தி விளங்காத மாலைப் பொழுதுகள் இப்பகுதியில் உண்டு. திறனைக் கூட்டுவதால் இக்குறை தீராது.

அறிக்கை இன்மையை ஆராய்தல்

ஆதலின் செய்தி விளங்காத வேளையும் ஓர் அளவீடாகும். ஆனால் அதனைப் பொருள் கொள்ளுவதில் எச்சரிக்கை வேண்டும். மழையில் கம்பியின் இணைப்பு துருப்பிடித்திருக்கலாம். கடிகாரம் பிழைபட்டிருக்கலாம். அண்டை வீட்டு மின்விளக்கின் இரைச்சல் ஏற்பியை அடைத்திருக்கலாம். மறுமுனையில் கேட்போரே இல்லாமலும் இருக்கலாம். அதே சதுரத்திலுள்ள வேறொரு நிலையத்தின் பதிவு, அதே நேரத்தில் வேறு அதிர்வெண்ணில் கிடைத்த முடிவு, முந்திய நாள்களின் இதே வேளைப் பதிவு ஆகிய மூன்றையும் ஒப்பிட்ட பின்னரே குறை வானத்தினது என முடிவு செய்தல் முறை. திறனையும் கம்பியையும் இடையில் மாற்றாதிருப்பவரின் குறிப்பேடே ஒப்பிடத் தகுதியுடையது. இப்பதிவுகள் ஆய்வகங்களின் அயனி மண்டல அளவீட்டுக்கு மாற்று ஆகா. ஆயினும் நிலையங்கள் அருகியுள்ள இடங்களில் அவை நல்ல துணையாகும்.

பயன்

2004 டிசம்பர் 26-ஆம் நாள் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் அந்தமானைத் தாக்கியபோது, ஹைதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் சார்பில் பாரதி பிரசாத் தலைமையில் போர்ட் பிளேருக்குச் சென்றிருந்த குழுவினர், தொடர்பற்றுப் போன மக்களின் செய்திகளைத் தாய்நாட்டுக்கு அனுப்பினர். அங்குப் பயன்பட்டவை பேச்சுத் தொடர்புக்குரிய கருவிகளே. எனினும் எந்த நேரத்தில் எந்த அலை எங்கே சேரும் என்னும் அறிவு அத்தகைய வேளையில் இன்றியமையாதது. அவ்வறிவை அமைதிக் காலத்திலேயே, நாள்தோறும், சிறு செலவில் ஈட்டித் தருவது சிறு திறன் பதிவு.

ஒலிபரப்ப விரும்புவோர் முதலில் மத்திய அரசின் தகவல் தொடர்பு அமைச்சகம் நடத்தும் தேர்வில் தேறி உரிமம் பெறல் வேண்டும். உரிமமின்றி ஒலிபரப்புதல் எத்துணைச் சிறு திறனாயினும் குற்றமே. பள்ளிகளில் இப்பணியை மேற்கொள்வோர் உரிமம் பெற்ற அமெச்சூர் ஒருவரின் துணையுடன் தொடங்குக. நேரம், அதிர்வெண், தொலைவு, குறியின் வலிமை, அன்றைய வானிலை ஆகிய ஐந்தையும் மாணவர் ஓராண்டு விடாது குறித்து வருவாராயின், கதிரவன் எழுவதும் மறைவதும் தலைக்கு மேல் 300 கிலோமீட்டர் உயரத்தில் விளைவிக்கும் மாறுதலை அவர் தம் கையெழுத்திலேயே காண்பார்.